கேளுங்கள், பேசுவோம்: தள்ளிப்போன கச்சேரிகள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே இரண்டு வரி எழுதியிருந்தேன். 2020 இல் கொரோனா வந்து இசைநிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோனபோது எத்தனை பேர் டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனம் நொந்திருப்பார்கள், அவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதற்குக் கடிதமும் வட்ஸ்அப் செய்தியுமாக வந்து குவிந்துவிட்டது, திருகோணமலைப் பக்கத்தில் உவர்மலையில் இருந்து மூதூர் வரைக்கும். ஆகையால் இந்த முறை காணிப் பிரச்சினை, கல்யாணப் பிரச்சினை எதுவும் இல்லை, முழுப் பக்கமும் இதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

2020 இல் எனக்குப் பதினாறு வயது. கொரியாவின் பி.டி.எஸ் பாட்டுக் குழுவின் சியோல் கச்சேரி ரத்து என்று கேள்விப்பட்டதும் இரவு முழுக்க அழுதேன். அப்பா, "நீ என்ன சியோலுக்கா போக இருந்தாய்?" என்று கேட்டுச் சிரித்தார். இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அழுதது பைத்தியக்காரத்தனமா?
வாசகி, உவர்மலை

இல்லை தங்கச்சி. திருவிழாவுக்குப் போக முடியாமல் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, தேர் ஓடவில்லை என்று கேட்டால் அழமாட்டாளா? எங்கேயோ நம்முடைய ஆட்கள் எல்லாம் ஒன்றுசேர்கிறார்கள் என்ற நினைப்பே ஒரு சந்தோசம், அது இல்லை என்றானதும் வருகிற அழுகை உண்மையான அழுகைதான்.

அந்தக் கச்சேரி 2020 ஏப்ரலில் சியோல் ஒலிம்பிக் மைதானத்தில் நான்கு நாள் நடக்க இருந்தது. பெப்ரவரி 28 ஆம் திகதி ரத்து என்று அறிவித்தார்கள். அந்த நேரம் கொரியாவில் டேகு நகரம்தான் நோயில் தவித்துக்கொண்டிருந்தது. குழுவில் உள்ள சுகாவின் சொந்த ஊரும் அதுதான், அவர் ஒரு நிவாரணச் சங்கத்துக்குக் கொரியக் காசில் 10 கோடி வொன் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். டிக்கட் வாங்கியிருந்த பிள்ளைகள், திரும்பி வந்த காசைத் தங்கள் கைச்செலவுக்கு எடுக்காமல் அதே நிவாரணச் சங்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மேலிடத்தில் இருந்து யாரும் சொல்லிச் செய்ததில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது. அழுத கண்ணோடுதான் செய்திருப்பார்கள்.

ஜூன் 14 ஆம் திகதி அவர்கள் இணையத்தில் ஒரு கச்சேரி செய்தபோது ஒரே நேரத்தில் 7 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேலே ஆட்கள் பார்த்தார்கள். நீங்களும் ஒரு சின்னத் திரையில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சியோலில் தொடங்க இருந்த அவர்களின் உலகக் கச்சேரிப் பயணம் முழுதும் முதலில் தள்ளிப்போய், கடைசியில் 2021 ஓகஸ்டில் கைவிடப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அந்த அழுகை வீண் என்று யாரும் சொல்ல முடியாது, உண்மையிலேயே இல்லாமல் போன ஒன்றுக்குத்தான் அழுதிருக்கிறீர்கள்.

எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள் இசைநிகழ்ச்சிக்கு 2020 பங்குனியில் ஒரு இசைக்குழுவுக்கு 25,000 ரூபா முற்பணம் கொடுத்தோம். ஊரடங்கு வந்து நிகழ்ச்சி நடக்கவில்லை, காசும் திரும்பி வரவில்லை. இப்போது நிர்வாகத்தில் புதிதாக வந்த தம்பிமார் அந்தக் காசைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். நான்தான் அப்போது கொடுத்தவன். கேட்கட்டுமா?
வாசகர், பாலையூற்று

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நேரே பதில் சொல்ல முன்னம், அந்தப் பங்குனியில் நான் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு மேடைக்குக் கம்பு நட்டு, பாதித் தகரம் அடித்த நிலையில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததால் திருகோணமலை நகரத்துக்குள் திரிகிற மான்கள் நாலைந்து வந்து அந்தக் கம்புகளுக்கு நடுவே, நிழலில், படுத்துக் கிடந்தன. மதிலுக்கு மேலால் பார்த்தால் தெரியும். சில கிழமைக்குப் பிறகு ஒரு காலை, மரக்கறி விற்கிற பட்டா வாகனம் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. "கத்தரி, வெண்டி, பூசணி" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வருகிற குரல் எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று படலையைத் திறந்தால், நம்மூரில் முப்பது வருசமாக மேடையில் நின்று பாடுகிற ஒருவர். ஒலிபெருக்கியும் குழுவின் பெட்டிதான், ஓரத்தில் குழுவின் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கணம் குரல் நின்றுவிட்டது. பிறகு, "தங்கச்சி, வெண்டி நல்ல பிஞ்சு" என்றார். நான் ஒரு கிலோ வாங்கினேன். இருவரும் கச்சேரியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

மாசி தொடங்கி ஆவணி வரைக்கும் வருகிற திருவிழாக்களை நம்பித்தான் இந்தப் பக்கத்து இசைக்குழுக்கள் வருசம் முழுக்கச் சாப்பிடுகின்றன. ஐப்பசியில் மழை தொடங்கினால் மேடை இல்லை. அந்த வருசம் ஊரடங்கு முழுதாக எடுபட்டது ஜூன் 28 இல், ஒக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது அலை வந்துவிட்டது. கணக்குப் பாருங்கள், அவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? உங்கள் முற்பணம் அரிசியாகவும் பால்மாவாகவும் போயிருக்கும்.

சரி, கேட்கலாமா? கோயில் காசு என்பதால் கேட்காமலே விடுவதும் சரியில்லை, உங்கள் மேல் ஒரு சொல் வந்துவிடும். என்னுடைய யோசனை, காசாகக் கேட்க வேண்டாம். அந்தக் குழு இன்னும் இயங்கினால் நேரே போய், அடுத்த திருவிழாவுக்கு அவர்களையே ஒழுங்குபண்ணி, அந்த 25,000 ஐ இந்த முறைத் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதை நிர்வாகப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். குழு கலைந்திருந்தால் நிர்வாகக் கூட்டத்தில் சொல்லி அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். போனில் கேட்க வேண்டாம் ஐயா, நேரில் போங்கள்.

சந்தை திறந்திருந்தது, பஸ் ஓடியது, கடையில் சனம் முட்டி மோதியது. பாட்டுக் கச்சேரியை மட்டும் ஏன் முதலில் நிறுத்திக் கடைசியில் திறந்தார்கள்? கலை என்றால் அவ்வளவு இளக்காரமா?
வாசகர், கிண்ணியா

நானா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். கலைக்கு இந்த நாட்டில் கடைசி இடம் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்கும் உங்களுக்கும் பேச்சில்லை. ஆனால் பாட்டை நிறுத்தியதற்கு வேறு காரணமும் இருந்தது, அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே நெஞ்சு பதறியது.

அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் ஸ்கஜிட் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். அங்கே ஒரு சேர்ந்திசைக் குழு, அதிகமும் வயதானவர்கள், 2020 மார்ச் 10 ஆம் திகதி மாலை ஒத்திகைக்குக் கூடினார்கள். 61 பேர். இரண்டரை மணித்தியாலம் பாடினார்கள், நடுவில் ஏதோ கொறித்தார்கள், கடைசியில் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கு மட்டும் தடிமன் மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் 53 பேருக்கு நோய், 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதி, மற்றவர்களுக்கு அறிகுறிகளை வைத்து. இரண்டு பேர் இறந்துபோனார்கள். சந்தையில் நாம் ஒருவரைக் கடந்து போகிற நேரம் கொஞ்சம். மண்டபத்தில் இரண்டரை மணித்தியாலம் ஒரே காற்றை எல்லோரும் இழுக்கிறோம், அதிலும் வாயைத் திறந்து, நெஞ்சைத் திறந்து, சத்தமாக. கதைக்கிறபோது வெளியே வருகிற நுண்துளிகளைவிடப் பாடுகிறபோது வருவது அதிகம். சந்தோசத்தில் கூடச் சேர்ந்து பாடுகிற, விசிலடிக்கிற, கத்துகிற சனமும் அப்படித்தான்.

அப்படியென்றால் ஒருபோதும் நடத்த முடியாதா? முடியும் என்று காட்டினார்கள். ஸ்பெயினில் பார்சிலோனாவில் 2021 மார்ச் 27 இல் ஒரு மண்டபத்துக்குள் 5,000 பேரை வைத்து ஒரு கச்சேரி. எல்லோருக்கும் அன்றைக்கே பரிசோதனை, எல்லோருக்கும் நல்ல தரமான முகக்கவசம், காற்றோட்டத்தைக் கூட்டிவைத்தார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விடவில்லை. அடுத்த இரண்டு கிழமை கவனித்தார்கள், 6 பேருக்குத்தான் தொற்று, அதிலும் 4 பேருக்கு வேறு இடத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். இதற்கெல்லாம் செலவு வேண்டும், சுகாதாரப் பிரிவின் ஒத்துழைப்பு வேண்டும். நம்மிடம் அன்றைக்கு அது இல்லை. கலைக்கு இளக்காரம் என்று நீங்கள் கேட்பது இந்த இடத்தில்தான் பொருந்தும் நானா. நிறுத்தினது சரி, திரும்ப எப்படித் தொடங்குவது என்று கலைஞர்களைக் கூப்பிட்டு இருத்திப் பேசியிருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு இத்தனை பேர், தியேட்டருக்கு இத்தனை பேர் என்று ஒவ்வொரு சுற்றறிக்கையாக வந்தது, திறந்த வெளியில் கீபோட்டும் தபேலாவுமாக நாலு பேர் வாசிக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தள்ளிவைப்பு என்றாலே ரத்துத்தானே? ஏன் பூசி மெழுகுகிறார்கள்?
வாசகர், அன்புவழிபுரம்

எல்லாமே அப்படியில்லை. சார்ஸ் நோய் பரவிய 2003 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு ஹொங்கொங் கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள், அதே வருசம் நவம்பரில் போய்ப் பாடினார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா 2020 உம் இல்லை 2021 உம் இல்லை என்றாகி 2022 இல் நடந்தது, முதல் கட்டிய 50 பவுண் முற்பணத்தை விரும்பியவர்கள் அடுத்த விழாவுக்கே விட்டுவைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழாவோ 2020 ஏப்ரலில் இருந்து ஒக்டோபருக்குத் தள்ளி, ஜூன் மாதத்தில் அதுவும் இல்லை என்றார்கள். அந்தந்த நேரத்தில் அவர்களுக்கே தெரியாமல்தான் இருந்தது. தெரியாது என்று சொன்னவர்களை நான் மன்னிப்பேன், தெரிந்தும் சொல்லாமல் காசை வைத்துக்கொண்டு இருந்தவர்களை அல்ல.

எஸ்.பி.பி. ஒருமுறை கொழும்புக்கு வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. "அடுத்த முறை வந்தால் பார்ப்போம் அம்மா" என்றேன். அடுத்த முறை வரவே இல்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.
வாசகி, நிலாவெளி

அக்கா, எழுதினதுக்கு நன்றி. இதற்கு என்னிடம் பதில் என்று ஒன்றும் இல்லை, நான் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

2020 ஓகஸ்ட் 5 ஆம் திகதி அவர் தானே ஒரு காணொளியில் தோன்றி, எனக்குக் கொரோனா லேசாகத்தான் இருக்கிறது, வீட்டில் உள்ளவர்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பயப்படாதீர்கள் என்ற மாதிரிச் சொன்னார். அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. ஓகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லோரும் அவர் பாட்டைப் போட்டுப் பிரார்த்திப்போம் என்று சினிமாக்காரர்கள் கேட்டுக்கொண்டபோது, நான் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பழைய ரேடியோப் பெட்டியில் போட்டேன். செப்டெம்பர் 25 இல் போய்விட்டார், 74 வயது.

நோய்க்காலத்துக் கச்சேரிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் மனதில் வரும். கேட்கிற சனத்துக்காக மட்டுமா தள்ளிவைக்கிறோம், மேடையில் நிற்கிறவர்களுக்கும் அறுபது எழுபது வயது. நாம் காத்திருந்தால் அவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் காத்திருக்கிறோம், சில நேரம் அது நடப்பதில்லை. அம்மா இருக்கிறாவா அக்கா? இருந்தால், அடுத்த முறை நம்மூர்ச் சங்கீத ஆசிரியை ஒருவரின் மாணவர்கள் பாடினாலும் பரவாயில்லை, ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

2020 இல் கொழும்பில் நடக்க இருந்த ஒரு கச்சேரிக்கு இரண்டு டிக்கட் வாங்கினேன். தள்ளிவைத்தார்கள், பிறகு சத்தமே இல்லை. இப்போது முறைப்பாடு செய்யலாமா?
வாசகர், தம்பலகாமம்

தம்பி, உண்மையைச் சொல்கிறேன், காலம் கடந்துவிட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்கின மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தள்ளிவைத்த நிகழ்ச்சிகளில் நாம் ஏமாறுவது இதனால்தான், "புதிய திகதி விரைவில்" என்ற அறிவித்தலை நம்பி இருக்கிறபோதே மூன்று மாதம் ஓடிவிடும். இனிமேல் எதற்கும் டிக்கட் வாங்கினால் வங்கித் துண்டு, குறுஞ்செய்தி, தள்ளிவைத்த அறிவித்தலின் படம் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் வையுங்கள், ஒரு மாதம் பார்த்துவிட்டு ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள், பதில் இல்லை என்றால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எப்படி எழுதுவது என்று கேளுங்கள். இரவு ரயிலுக்கும் லொட்ஜுக்கும் போன காசு டிக்கட் காசில் சேராது, அதனால் திகதி உறுதியாகும் வரைக்கும் அவற்றுக்குக் காசு கட்டாமல் இருப்பது நல்லது.

டெங்கு பரவினாலும் கச்சேரியைத் தள்ளிவைக்க வேண்டுமா? எங்கள் இளைஞர் மன்றத்தில் இதற்கு இரண்டு கட்சி.
வாசகர், மூதூர்

கொரோனாவும் டெங்கும் ஒன்றில்லை தம்பி. டெங்கு மூச்சால் பரவாது, பக்கத்தில் இருந்தால் ஒட்டாது, நுளம்பு கடித்தால்தான். ஆகவே சனம் கூடுகிறது என்பதற்காக மட்டும் தள்ளிவைக்கத் தேவையில்லை. ஆனால் 2017 ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், உங்களுக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் மார்ச் மாதம் பாடசாலைகளைப் பூட்ட வேண்டி வந்தது. அந்த வருசம் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று சந்தேகம், 440 பேர் இறந்தார்கள். அப்படியான நேரத்தில், ஊரில் மரண வீடு இருக்கும்போது, வைத்தியசாலையில் கட்டில் இல்லாமல் நிலத்தில் பாய் போட்டிருக்கும்போது, பாட்டு வைக்க யாருக்கும் மனம் வராது. தள்ளிவையுங்கள்.

மற்ற நேரத்தில் மைதானத்தைப் பாருங்கள். கச்சேரி முடிந்த அடுத்த நாள் காலை போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தயிர்ச் சட்டி, பிளாஸ்டிக் குவளை, சோடாப் போத்தல், மேடைக்குத் தோண்டின குழி, தறப்பாள் மடிப்பில் தேங்கின தண்ணீர். முட்டையில் இருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். கச்சேரிக்கு முதல் நாளும் பிந்தின நாளும் மன்றத்துப் பிள்ளைகள் இருபது பேர் சாக்கோடு இறங்கினால் இரண்டு மணித்தியால வேலை. இந்த நுளம்பு கூடுதலாகக் கடிப்பது விடிகாலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும், அதனால் சனத்தை 5 மணிக்கே வரச்சொல்லி வெட்டைக்குள் இருத்தி வைக்காமல் 7 மணிக்குத் தொடங்குங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கூப்பிட்டு மைதானத்தைக் காட்டினால் அவரே நல்லது கெட்டது சொல்வார்.

நான் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் ஒழுங்குசெய்கிறவன். ஒருமுறை காய்ச்சல் காரணமாகத் தள்ளிவைத்தபோது ரசிகர்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?
வாசகர், திருகோணமலை நகரம்

உங்கள் அறிவித்தலையும் அனுப்பியிருந்தீர்கள், வாசித்தேன். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்குகிறது. பிழை அங்கேதான். எல்லோருக்கும் காரணம் தெரியும், நீங்கள் மட்டும் மறைக்கிற மாதிரி ஆகிவிட்டது. ரசிகர் கோபப்படுவது பெரும்பாலும் தள்ளிவைத்ததற்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்பதற்காக. சம்பளத்தில் மிச்சம்பிடித்து, லீவு போட்டு, பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

நான் என்றால் இப்படி எழுதியிருப்பேன்: "ஊரில் காய்ச்சல் பரவுகிறது. வருகிற சனிக்கிழமை நிகழ்ச்சி இல்லை. புதிய திகதி இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் முதலாம் திகதி முடிவைச் சொல்வோம். காசு திரும்ப வேண்டும் என்பவர்கள் டிக்கட் வாங்கிய கடையிலேயே திங்கள் முதல் பெற்றுக்கொள்ளலாம். வைத்திருக்கிறவர்களுக்கு அதே டிக்கட் செல்லும். பாட இருந்தவர்களும் உங்களைப் போலவே கவலையில் இருக்கிறார்கள்." பிறகு, முதலாம் திகதி சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "இன்னும் முடிவாகவில்லை" என்றாவது அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அந்த 2020 டிக்கட் இன்னும் என் அலுமாரியில் சாறிகளுக்கு நடுவில் இருக்கிறது. மகள் எறியச் சொல்கிறாள். மனம் வரவில்லை.
வாசகி, மட்டிக்களி

எறிய வேண்டாம் அம்மா. எழுத்து மங்க முதல் மகளைக் கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், யாரைக் கேட்கப் போக இருந்தீர்கள், யாரோடு போக இருந்தீர்கள் என்று இரண்டு வரியும் எழுதுங்கள். இதே மாதிரி டிக்கட் வைத்திருக்கிற மற்றவர்களும் அனுப்பலாம், அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.